ஒன்பதில் அகப்படாத பதினெட்டு மீட்டர்

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்துக்கு, நில அளவை வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் வந்திருந்தார். கையில் ஒரு சின்னக் கருவி. வெட்டவெளியில் அதை நீட்டினால் நிற்கிற இடத்தின் எண்கள் தானாக விழுமாம். மரியாதைக்குத்தான் அவர் கேட்டார்: "அந்தக் காலத்துல எல்லாமே கையால போட்டீங்களே சார், ஆனாலும் தப்பே வராதாமே?" சுற்றியிருந்த கிழங்கள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன. "எங்க கணக்குல ஒரு புள்ளி பெசகாதும்மா" என்றார் ஒருவர். நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஏனென்றால் ஒரு தப்பு வந்தது. என் கையால் வந்தது. அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட.

என் பெயர் தேசப்பன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். அப்பா இறால் பிடிப்பவர். குப்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் நான். கணக்கில் மட்டும் நல்ல மார்க்கு, மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறித்தான். அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் நில அளவைக் கணக்கு ஆபீஸ் ஒன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. அந்த வேலைக்கு அரசாங்கம் வைத்திருந்த பெயர் கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள், நியமன உத்தரவில் அப்படித்தான் இருந்தது. அப்பாவிடம் காட்டியபோது, "இன்னாடா வேல அது?" என்றார். எண்களைக் கூட்டிக் கழிக்கிற வேலை என்றேன். "அவ்ளோதானா? ஒக்காந்த எடத்துலயா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போய், பையன் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறான் என்று பெருமையாகச் சொன்னார்.

முதல் மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மடக்கைப் பட்டியல், கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரம், மணவாள நகரில் ஒரு வாடகை அறை, மூட்டைப்பூச்சி. என் கதை வரதாச்சாரி சாரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அவர்தான் எங்கள் கணக்குப் பிரிவின் தலைவர். திருவள்ளூர்க்காரர், பெருமாள் கோயில் கைங்கரியக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் கோயிலில் இருக்க, இவர் மட்டும் எண்களுக்கு வாழ்க்கைப்பட்டவர். நெற்றியில் மெல்லிசாக ஒற்றைத் திருமண் கோடு, சட்டைப் பையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு கண்டால் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

எங்கள் வேலையில் ஒவ்வொரு எல்லைக்கல்லுக்கும் இரண்டு பெரிய எண்கள் உண்டு. ஒரு மூலப்புள்ளியிலிருந்து கல் எவ்வளவு வடக்கே இருக்கிறது, எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று சென்டிமீட்டரில் சொல்லும் ஏழிலக்க எண்கள். கணக்கேட்டில் கண்டுபிடித்த எண்ணைக் கல் பட்டியலில் நகல் எழுத வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வயலில் கல் நடுவார்கள். நடுகிறவர்கள் யோசிக்க மாட்டார்கள், பட்டியலில் இருப்பதை அளந்து நடுவார்கள். ஆகவே நகலில் பிசகினால் கல்லே பிசகிவிடும்.

அதற்கு வரதாச்சாரி சார் இரண்டு சோதனை வைத்திருந்தார். முதலாவது ஒன்பது. எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சிவப்பில் எழுத வேண்டும். மூல எண்ணின் மிச்சமும் நகலின் மிச்சமும் ஒன்றாக இருந்தால், "உட்கார்ந்துடுத்து" என்பார். இரண்டாவது பதினொன்று. வலது கோடியிலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டி, கழித்து, கடைசியில் பதினொன்றைத் தள்ளி மிச்சத்தை நீலத்தில் எழுத வேண்டும்.

ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று நான் ஆரம்பத்தில் முணுமுணுத்ததுண்டு. ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நாற்பத்தாறை அறுபத்திநாலுன்னு எழுதிட்டீர்னு வையும். கூட்டினா என்ன?"

"ரெண்டும் பத்துதான் சார்."

"ஒன்பதுக்கு இலக்கத்தைத் தெரியும் ஓய், அது நிக்கற இடத்தைத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டும் இடம் மாறினா, வர வித்தியாசம் எப்பவும் ஒன்பதின் மடங்கு. அதனால ஒன்பது அதைப் பிடிக்கவே பிடிக்காது. மனுஷன் கை அதிகமா செய்யற தப்பும் அதுதான். பதினொன்றுதான் பிடிக்கும்."

எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அன்றையிலிருந்து கண்ணில் படுகிற எண்ணையெல்லாம் ஒன்பதாலும் பதினொன்றாலும் உடைத்துக்கொண்டிருந்தேன். பஸ் டிக்கெட், ரயில் பெட்டி எண், எதையும் விடவில்லை. சும்மா சொல்லக்கூடாது, நான் கெட்டிக்காரனாகிவிட்டேன். மூக்கு கொஞ்சம் மேலேயும் போய்விட்டது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் எடுக்கத் தொடங்கினார்கள். அதில் ஒரு துண்டுக்கு எல்லைப் பட்டியல் எங்களுக்கு வந்தது. மேலேயிருந்து அவசரம், அவசரம் என்று ஆள்மேல் ஆள். பட்டியலை வாங்கிப்போக ஜீப் வந்து வாசலில் நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தேன். சிவப்பு முடிந்தது, எல்லாம் உட்கார்ந்துவிட்டது. நீலம் பாக்கி. டிரைவர் உள்ளே வந்து ஆரன் அடிக்காத குறையாக நின்றான்.

வரதாச்சாரி சார் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "இந்தப் பக்கத்துக்கு ஒன்பது போதும். நாளைக்கு நம்ம பிரதியில பதினொன்று பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. சாக்குப்போக்கு சொல்லாமல் சீக்கிரம் கிளம்பினேன். மறுநாள் வேறு வேலை வந்தது, அதற்கு மறுநாள் இன்னொன்று. அந்தப் பக்கம் நீலம் படாமலே அலமாரிக்குப் போனது.

நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ஐம்பது வயசிருக்கும் ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். முழங்காலுக்கு மேல் வேட்டி, தோளில் துண்டு, கையில் மடித்து மடித்துக் கிழிந்த ஒரு நோட்டீஸ். பெயர் கன்னியப்பன். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமம். பஸ் மாறி மாறி வந்திருந்தார். வரதாச்சாரி சார் அன்று மேலதிகாரியைப் பார்க்கப் போயிருந்தார், அதனால் என் மேசைக்கு அனுப்பினார்கள்.

"கல்லு நடக்குமா சார்?" என்றார்.

"இன்னா பெரியவரே சொல்ற?"

"மொத மொத அளக்க வந்தவங்க எங் கெணத்துக்கு அந்தாண்ட முளக்குச்சி அட்ச்சாங்க. ஒங் கெணறு தப்பிச்சிச்சிய்யான்னு அவுங்க வாயாலயே சொன்னாங்க. இப்ப கல்லு நட வந்தவங்க கெணத்துக்கு இந்தாண்ட நட்டுட்டுப் பூட்டாங்க. முளக்குச்சியிலேந்து இருபத்திநாலு தப்படி. நானு மூணு தபா நடந்து பாத்தேன். கெணறு அவுங்க பக்கம் பூட்ச்சி சார். அதுல ஏத்தம் எறச்சித்தான் நாலு பேரு சோறு துன்றோம். நானும் எம் பொஞ்சாதியும் மூணு கோட வெட்டுன கெணறு சார் அது."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கணக்கேட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பட்டியலின் நகலைத்தான் எடுத்தேன். அவருடைய கல்லின் எதிரில் இருந்த சிவப்பு எண்ணைக் காட்டினேன். "இதோ பாரு, சோதனை பண்ணி ஒக்காந்திருக்கு. கணக்கு பொய் சொல்லாது. குச்சிய மாடு கீடு இடறியிருக்கும்" என்றேன். அவர் அந்தச் சிவப்பு எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படிச்ச புள்ள நைனா, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அந்தப் பக்கத்தில் நீலமே இல்லை என்பது கண்ணில் பட்டது. அலமாரியிலிருந்து கணக்கேட்டை எடுத்தேன். மூலத்தில் இருந்தது 2174635. என் பட்டியலில், என் கையெழுத்தில், அழகாக 2176435. நாலும் ஆறும் இடம் மாறியிருந்தன. இரண்டையும் கூட்டினால் இருபத்தெட்டு, ஒன்பதில் மிச்சம் ஒன்று. நீலத்தைப் போட்டுப் பார்த்தேன். மூலத்துக்கு மிச்சம் ஒன்று, என் நகலுக்கு எட்டு. கழித்தால் வித்தியாசம் ஆயிரத்து எண்ணூறு சென்டிமீட்டர். பதினெட்டு மீட்டர் கிழக்கே. ஒரு தப்படிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்தால் இருபத்திநாலு தப்படி. அந்தப் படிக்காத மனிதர் காலால் அளந்தது அப்படியே வந்து நின்றது.

உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது, ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷம் என் பைல் ஞாபகம் வந்தது. ஐந்தாவது வருஷமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கச் சிபாரிசு எழுதி வரதாச்சாரி சார் மேலே அனுப்பியிருந்தார். உத்தரவு அந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துவிடும். நிரந்தர வேலைக்காரன் தங்கை என்று சொல்லித்தான் என் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். இந்த நேரத்தில் தப்பு வெளியே வந்தால்? வீட்டுக்குப் போ என்று ஒரு வரி எழுதினால் போதும், தற்காலிகக்காரனுக்குக் கேள்விமுறை கிடையாது.

ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும், கல்தானே, பிடுங்கி நட்டால் போயிற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய், புதன், வியாழன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. வரதாச்சாரி சார் பென்சிலைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை உத்தரவு வந்தது. வரதாச்சாரி சாரே கொண்டுவந்து கொடுத்தார். சிபாரிசில் என்ன எழுதினேன் தெரியுமா என்று கேட்டு, தானே சொன்னார்: "'கணக்கிலும் நடத்தையிலும் நேர்மையானவர்'னு எழுதினேன் ஓய். அதுக்கு மேல ஒருத்தனைப் பத்தி எழுத என்ன இருக்கு?" நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். வெட்கங்கெட்ட ஜன்மம்.

செவ்வாய் காலையில் கணக்கேட்டையும் பட்டியலையும் அவர் மேசையில் வைத்தேன். எண்ணைக் காட்டினேன். அவர் பென்சில் எடுக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவருக்கு அது போதும்.

"மூலம் அழகான எண் ஓய்" என்றார் மெதுவாக. "ஒன்பதில் ஒன்று, பதினொன்றில் ஒன்று. தொண்ணூற்றொன்பதால் வகுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும். பார்த்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். நான்தான் பார்க்க வேண்டாம்னேன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "எப்போ கண்டுபிடிச்சீர்?"

"இப்பத்தான் சார். காலையில."

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது அதுதான், மூன்றே வார்த்தை. அவர் நம்பிவிட்டார். சந்தேகமே படவில்லை, அதுதான் கொடுமை. கல் நட்டவர்களுக்கு அன்றே தந்தி கொடுத்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினார். அவருக்கு ஓய்வுபெற ஆறு மாதம்தான் இருந்தது, வெயில் ஆகாத உடம்பு.

போய்ப் பார்த்தால் கிணறு இல்லை. வட்டமாகப் புதுச் செம்மண். ஏற்றமரம் பிடுங்கி ஓரமாகக் கிடந்தது. பக்கத்தில் கன்னியப்பன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை கட்டும் கான்ட்ராக்டர், எல்லைக்குள் பள்ளம் இருக்கக்கூடாது என்று லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடியிருந்தார். வாய்க்கால் ஓரத்தில் நின்ற நாற்று வெளுக்கத் தொடங்கியிருந்தது.

வரதாச்சாரி சார் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்ணில் போய் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு என்னோடது. சோதிக்காம கையெழுத்துப் போட்டது நான். உம்ம கல் அங்கேதான் இருக்கணும். தப்பைக் கண்டுபிடிச்சது இந்தப் பிள்ளை" என்று என்னைக் காட்டினார்.

கன்னியப்பன் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் எழுந்திருக்கவேயில்லை. "சனிக்கெயமதான் சார் மூட்னாங்க" என்றார். "வெள்ளிக்கெயம வந்து சொல்லியிருந்தாக்கூட பொயச்சிருக்கும். கால்ல வுயுந்து கேட்டேன், கல்லு இந்தாண்ட இருக்கே, நாங்க இன்னா பண்றதுன்னாங்க."

வெள்ளிக்கிழமை. தப்பு எனக்குத் தெரிந்து அன்று ஐந்தாவது நாள். அந்த மண்ணுக்குள்ளேயே நான் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஐயோ, அப்போதாவது சொல்லியிருக்கலாமே!

கல்லைப் பழைய இடத்துக்கு மாற்றினார்கள். நிலமும் அவர் பெயரிலேயே நின்றது. ஆனால் தண்ணீரில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த கோடையில் அவர் மறுபடி தோண்டினாராம். கொட்டின மண் கெட்டிப்படவில்லை. இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் பக்கம் சரிந்து இடுப்பு வரை மூடிவிட்டது. உயிர் பிழைத்தார், இடது கால் போனது போனதுதான். நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு ஊத்துக்கோட்டைப் பக்கம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

வரதாச்சாரி சார் மேலே எழுதிய விளக்கத்தை நான்தான் நகலெடுத்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. சோதனையைக் கைவிடச் சொன்னது தாமே, நகல் எழுதியவர் மேல் குற்றம் இல்லை, அவர்தான் பிழையைக் கண்ட அன்றே தெரிவித்தார் என்று எழுதியிருந்தார். 'கண்ட அன்றே' என்ற இடத்தை நகலெடுக்கும்போது மை சிந்தி வேறு தாளில் எழுதினேன். முப்பத்திரண்டு வருஷம் கறைபடாத அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரில் கண்டனம் ஏறியது. ஓய்வுபெற்ற அன்று மேலேயிருந்து ஒருவரும் வரவில்லை. நாங்கள் நாலைந்து பேர் மாலை போட்டோம். சிவப்பு நீலப் பென்சிலை மேசையிலேயே வைத்துவிட்டு, "வரேன் ஓய்" என்று போனார். இரண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். அங்கேயும் சொல்லவில்லை.

எழுபதுகளின் முடிவில் அளவை வேலையாக ஊத்துக்கோட்டை போயிருந்தேன். பஜாரில் ஒரு மண்டி வாசலில் யாரோ, "கணக்கு சாரே! ஓ நைனா!" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் கன்னியப்பன். கக்கத்தில் கோல், தலை முழுக்க நரை. மண்டியில் மூட்டைக்குக் காவல். நான் நழுவப் பார்த்தேன், விடவில்லை. "ஊட்டாண்ட வந்து ஒரு வாய் தண்ணியாவது குட்ச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் மண்வெட்டிக் காய்ப்போடுதான் இருந்தது.

ஒரு ஒற்றைக் குடிசை. அவர் மனைவி அப்போதுதான் இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக வந்து இறக்கினாள். மூச்சு வாங்கியது. எங்கேயிருந்து எடுத்து வருகிறீர்கள் என்று கேட்டேன். ஆற்றில் ஊற்று தோண்டித்தான், போக வர ஒரு மைலுக்கு மேலே என்றாள்.

"இவுரு யாருன்னு தெர்தா?" என்றார் கன்னியப்பன் அவளிடம். "அந்த ஐயரு பாக்காம கையெயுத்துப் போட்டு நம்ம குடியக் கெட்த்தாரே, அந்த ஆபீசு. இந்தப் புள்ளதான் தப்ப கண்டுபுட்ச்சி தெகிரியமா சொல்லிச்சி. இது இல்லன்னா நாம பொய் பேசறோம்னுதான் ஊரே சொல்லியிருக்கும்."

"அவுரு பாக்கலன்னு இல்ல பெரியவரே, எழுதுனது..." என்று தொடங்கினேன். எழுதினது நான், தெரிந்தும் எட்டு நாள் பேசாமல் இருந்தது நான் என்று சொல்ல வேண்டும். வரதாச்சாரி சாருக்காகவாவது சொல்ல வேண்டும். கன்னியப்பன் என் முழங்காலில் தட்டினார். "போனது போச்சி நைனா, நீ இன்னா பண்ணுவ" என்றார்.

அந்த அம்மாள் சொம்பைக் கழுவி, இப்போது இறக்கிய குடத்திலிருந்து ததும்ப ததும்ப ஊற்றிக் கொடுத்தாள். நான் குடித்தேன். சொம்பு காலியானதைப் பார்த்து, "வெயில்ல வந்துகீற, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா நைனா?" என்று குடத்தைச் சாய்த்தாள். நான் சொம்பை நீட்டினேன். ஊற்றினாள். அதையும் குடித்தேன்.